ஒயில் டாங்கியில் ஒட்டிய மெழுகு

மன்னார்த் தீவின் கீரிக் கடற்கரையில் எந்த வாகனம் புதைந்தாலும் ஆட்கள் முதலில் தேடுவது செபமாலையைத்தான். மீன் லொறியாக இருக்கலாம், வெளியூரிலிருந்து குளிக்க வந்தவர்களின் வானாக இருக்கலாம். அவர் வந்து சாவியை வாங்கிக் கதவைச் சாத்துவார், ஒரே மூச்சில் வண்டியை வெளியே கொண்டுவந்து தார் ரோட்டில் நிறுத்துவார். நாற்பத்தாறு வயது, பள்ளிமுனையில் வீடு. மணலில் ஒருநாளும் புதையாத ஆள் என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரை அவர் தன் வாயால் சொன்னதில்லை. யாராவது சொன்னால் மறுத்ததும் இல்லை.

மணலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததைச் சொல்ல மூன்று வரி போதும். "நிண்டாத் தாழுவாய். மெதுவாப் போனாலும் தாழுவாய். ஓடிக்கொண்டே இரு." கடலில் விட்ட கரைவலையைக் கரைக்கு இழுக்கும் ட்ரக்டரைப் பன்னிரண்டு வருடம் ஓட்டிக் கற்றது அது. அதற்கும் முன்னால் எட்டு வருடம் கையால் வலை இழுத்தவர். அந்த எட்டு வருடத்தின் அடையாளம் இடது தோளில் இருக்கிறது. அந்தக் கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாது. சேட்டுப் போடும்போது முதலில் இடது கையைத்தான் நுழைக்கவேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னர் எருக்கலம்பிட்டி ஜவாஹிர் ஒரு சின்ன லோடர் வாங்கினார். கல், மணல், சீமெந்து வியாபாரம் அவருக்கு. மன்னார் பட்டினத்தின் ஓரத்தில் யார்ட் ஒன்று வைத்திருக்கிறார். ஒழுங்கைகளுக்குள்ளும் மதில்களுக்கு இடையிலும் பெரிய மெசின்கள் போகாது என்பதால் இந்தக் குட்டியை எடுத்தார். யப்பானில் ஓடிப் பழகி, கப்பலில் வந்த மெசின். முன்னால் மண் அள்ளும் பக்கட், நடுவில் ஓர் ஆள் அடைபட்டு உட்காரும் கூண்டு, நான்கு தடித்த சில்லுகள். ஸ்டியரிங் கிடையாது. இரண்டு கைக்கும் இரண்டு லீவர்கள். இடது லீவர் இடப்பக்கத்துச் சில்லுகளையும், வலது லீவர் வலப்பக்கத்துச் சில்லுகளையும் ஓட்டும். ஒரு பக்கத்தை முன்னாலும் மறு பக்கத்தைப் பின்னாலும் தள்ளினால் நின்ற இடத்திலேயே பம்பரம்போல் சுற்றும்.

வலது லீவரின் தலையில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமத்தினால் முன்னால் இருக்கும் தட்டில் முயல் படம் எரியும். மறுபடி அமத்தினால் ஆமை. முயல் என்றால் வேகம், ஆமை என்றால் மெதுவு. அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

ஆள் எடுப்பதற்காக ஜவாஹிர் மெசினைக் கீரி மணலுக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். முதலில் வந்த இரண்டு பேரும் ஆமையில் இறங்கி, திரும்பும் இடத்தில் சில்லு தாழ்ந்து நின்றுவிட்டார்கள். மூன்றாவதாகச் செபமாலை ஏறினார். பொத்தானைப் பார்த்தார். முயலை அமத்தினார். கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மணல் பறக்க ஓடி, வளைத்து, பக்கட் நிறைய அள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். ஜவாஹிர் கைதட்டினார்.

"இந்த மெசினுக்கு ஆள் நீங்கதான் செபமாலை. இப்படித்தான் ஓடணும்."

அன்றிலிருந்து முயல் செபமாலை என்றும் ஒரு பெயர் சேர்ந்துகொண்டது.

அந்த இருக்கையில் அவர் சந்தோசமாக இருந்தார். லீவர்கள் முழங்கால் உயரத்தில் இருப்பதால் தோளுக்கு வேலை இல்லை. ஐந்து மணிக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, மனைவி கொறற்றி ஆக்கும் நண்டுக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். இதை விட்டால் போக வேறு இடமும் இல்லை. வலைக்குத் தோள் இல்லை. முந்தி ஓட்டிய ட்ரக்டரில் இப்போது அமிர்தநாயகம் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

போன வருடம் மெசினின் பம்ப் போனது. சில்லுகளை ஓட்டுவதும் பக்கட்டைத் தூக்குவதும் எல்லாம் ஒயில்தான். அந்த ஒயிலைத் தள்ளுவது பம்ப். கொழும்பிலிருந்து வேறு பம்ப் வந்து சேர ஒரு மாதம் எடுத்தது. அந்த ஒரு மாதமும் செபமாலை யார்ட்டில் சீமெந்துப் பைகளை எண்ணிக்கொண்டு இருந்தார். எண்ணிய பைகளையே திரும்பவும் எண்ணினார். கொறற்றி சொல்லுவாள், அந்த மாதம் முழுக்க மனுசன் கறியில் உப்புப் பார்க்கவில்லை என்று.

இந்தச் சோளகக் காற்றுக் காலத்தில், பழைய பம்ப் போகுமுன் வந்த அதே சத்தம் மறுபடியும் தொடங்கியது. பாரம் எடுக்கும்போது பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல். காய்ச்சல்காரன் படுக்கையில் புரளும்போது வருகிற மாதிரி. செபமாலைக்கு அது கேட்டது. கேட்காத மாதிரி ஒரு வாரம் ஓட்டினார். ஒரு திங்கட்கிழமை காலையில் ஜவாஹிருக்கும் கேட்டுவிட்டது.

"அதே சத்தம்தானே?" என்றார் ஜவாஹிர்.

"ஓம் நானா."

ஜவாஹிர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "புத்தளத்தில ஒருத்தர் இதை ரெண்டு மாசமாக் கேக்குறார். நான் இல்லையெண்டு சொல்லிக்கொண்டு இருந்தன். இந்தப் பம்பும் போனா எனக்கு இனி ஏலாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வாறார். பார்த்துப் பிடிச்சா கொண்டு போகட்டும்."

"பிறகு நான் என்ன செய்யிறது?"

"யார்ட்டில வேலை இல்லாமலா போகும்?" என்றார் ஜவாஹிர். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். செபமாலையின் காதில் சீமெந்துப் பைகள் விழுந்தன.

மெசினைப் பார்ப்பது ஜவாஹிரின் மகள் றினோஸா. தொழில்நுட்பக் கல்லூரியில் கனரக இயந்திரம் திருத்தப் படித்துவிட்டு வந்து, யார்ட்டின் பின்பக்கத்துக் கொட்டகையைத் தன்னுடையதாக்கிக்கொண்டவள். அன்று மத்தியானம் அவள் ஒயில் பில்டரைக் கழற்றி, இரும்பறுக்கும் வாளால் அறுத்து, உள்ளே இருந்த கடதாசியை ஒரு பழைய பத்திரிகையின் மேல் விரித்தாள். கறுத்த ஒயிலுக்குள் பொன்னிறத் தூள் மினுங்கியது.

"வாப்பா ஒயில் சரியில்லையெண்டு கடைக்காரரோட சண்டை பிடிக்கிறார்," என்றாள். "இது ஒயிலின்ட பிழை இல்ல அங்கிள். பித்தளை. உள்ளுக்குத் தேயுது."

போன வருடம் பம்போடு சேர்த்துக் கழற்றிய பழைய சில்லு மோட்டர் ஒன்று மேசையில் திறந்தபடி கிடந்தது. செபமாலை அதற்குள் எட்டிப் பார்த்தார். வட்டமாக அடுக்கிய சின்னச் சின்னப் பிஸ்டன்கள், அவற்றின் காலடியில் ஒரு சரிந்த தட்டு.

"ஆமையில போகேக்க இந்தத் தட்டு நல்லாச் சரிஞ்சு நிக்கும்," என்று அவள் விரலால் காட்டினாள். "பிஸ்டன் முழுத்தூரம் போய்வரும். ஒரு சுத்துக்கு ஒரு கோப்பை ஒயில் குடிக்குதெண்டு வைங்க. முயலை அமத்தினா தட்டு பாதி நிமிரும். பிஸ்டனும் பாதித் தூரந்தான் போகும். ஒரு சுத்துக்கு அரைக் கோப்பை. பம்ப் அனுப்புற ஒயில் அதேதான். அப்ப சில்லு ரெண்டு மடங்காச் சுத்தும்."

"நல்லதுதானே பிள்ளை."

"வேகம் நல்லதுதான். பலம் பாதியாயிடும். பாரம் வந்தா அதே பலத்தைக் குடுக்க ஒயிலை ரெண்டு மடங்கு அமுக்கித் தள்ளணும். அதுவும் போதாட்டிப் பாதுகாப்பு வால்வு திறக்கும். ஒயில் ஒரு வேலையும் செய்யாம அந்தச் சின்ன ஓட்டையால பிச்சுக்கொண்டு ஓடும். அதுதான் சூடு. சூடானா ஒயில் தண்ணியா இளகிடும். இரும்புக்கும் பித்தளைக்கும் நடுவில நிக்க அதுக்குத் தடிப்பு இருக்காது. ரெண்டும் உரசும். உரசின தூள் ஒயிலோட சேர்ந்து பம்புக்குள்ளயும் போகும்."

பிறகு அவள் சாதாரணமாகக் கேட்டாள். "அங்கிள் மணலில எதில ஓடுறீங்க?"

"சும்மா... எல்லாரும் ஓடுற மாதிரித்தான்," என்றார் செபமாலை.

அது தானாக வாயிலிருந்து வந்துவிட்டது. றினோஸா தலையாட்டிவிட்டுக் கையைத் துடைத்தாள்.

வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது அவர் மனதில் பிஸ்டனும் தட்டும் நிற்கவில்லை. நின்றது கரைவலை. முழு ஆட்களும் வந்தால் கயிற்றுக்கு முப்பது பேர். சில நாட்களில் பதினைந்து பேர்தான் வருவார்கள். வலை வெறுமையாக இருந்தால் பதினைந்து பேரும் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டமாக இழுத்துவிடலாம். மீன் விழுந்துவிட்டால்தான் தெரியும். முப்பது பேர் தாங்கவேண்டிய பாரத்தைப் பதினைந்து தோள் தாங்கும். ஒருநாள் அப்படித்தான் வலை முட்டச் சூடை மீன் விழுந்தது. வலையை விடவும் மனமில்லை. அன்றைக்குத்தான் அவருடைய இடது தோளுக்குள் ஏதோ ஒன்று 'டக்' என்றது.

பள்ளிமுனைச் சந்தியில் அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். நடு ரோட்டில் ஒரு கழுதை நின்றது. அதற்காகத்தான் நிறுத்தினார் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். மூன்று வருடமாக அந்த மெசினைப் பாதி ஆட்களோடு வலை இழுக்க வைத்தது தானேதான் என்று அவருக்கு விளங்கியது அந்த இடத்தில்தான்.

விளங்கியது, ஆனால் நம்ப விருப்பமில்லை. மணலில் மெதுவாகப் போனால் தாழும் என்பது அவருக்கு மந்திரம்போல. அது பொய்யாக இருக்கமுடியாது. றினோஸா சொன்னதும் பொய்யில்லை. இரண்டையும் வைத்துப் பார்க்க அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. வீட்டில் மாதா சுரூபத்துக்கு முன்னால் எரிந்து முடிந்த மெழுகுதிரித் துண்டுகளைக் கொறற்றி ஒரு பால்மா டின்னில் சேர்த்துவைப்பாள். அவர் அந்த டின்னை எடுத்துத் திறந்தார்.

"என்ன தேடுறீங்கள்?"

"மெழுகுதிரி."

"வீட்டில வெளிச்சம் இருக்கே."

"மெசினுக்கு."

கொறற்றி அகப்பையோடு வந்து நின்றாள். "மெசினுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போறீங்களோ? அவ்வளவு கடும் நோயோ அதுக்கு?"

"கொளுத்தேல்லையப்பா. ஒட்டப் போறன்."

"மூண்டு வருசமா என்னை ஒருக்கா வேளாங்கண்ணிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுறன். மெசினுக்கு நேர்த்தி வைக்கிறார்," என்று சொல்லிக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

அந்த வாரம் கீரியில் வேலை. காற்றள்ளிக் கொண்டுவந்த மணல், வள்ளங்கள் ஏற்றிவைக்கும் வளவையும் அதற்குப் போகும் பாதையையும் மூடிவிட்டது. அதை வழித்து ஒதுக்கவேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, மெசின் குளிர்ந்து கிடக்கும்போது, ஒயில் டாங்கியின் வெளிப்பக்கத்தில் கடலைப் பருப்பளவு மெழுகை அமத்தி ஒட்டினார். உள்ளே ஒயில் எவ்வளவு சூடாகிறது என்று அது உருகிக் காட்டும். பிறகு ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல் முயலை அமத்தினார். மெழுகு விழாமல் இருந்துவிடாதா என்று உள்ளுக்குள் ஆசை.

இருபத்தைந்து நிமிடத்தில் இறங்கிப் பார்த்தார். மெழுகு இல்லை. அது இருந்த இடத்திலிருந்து கீழே ஒரு வெள்ளைக் கோடு வழிந்து, நுனியில் ஒரு துளி உறைந்திருந்தது. கண்ணீர் வடிந்த கன்னம்போல.

புதன்கிழமையும் அதே நேரம், அதே பாதை, அதே அளவு மெழுகு. இம்முறை ஆமை.

ஆமையில் ஓடுவது அவருக்குச் செருப்பை மாற்றிப் போட்டு நடப்பதுபோல் இருந்தது. கை தானாகப் பொத்தானுக்குப் போனது. போய்த் திரும்பி வந்தது. அரை மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு, நிறைந்த பக்கட்டோடு, முயலில் ஓட்டத்தோடு சுற்றித் திரும்பும் பழக்கத்தில், நின்ற இடத்திலேயே மெசினைச் சுற்றினார். நான்கு சில்லுகளும் மணலைத் தோண்டிக்கொண்டு அச்சு வரைக்கும் இறங்கின.

கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பினார்கள். யாரோ ஒருவன் விசிலடித்தான். கீரி மணலில் செபமாலை தாழ்ந்துவிட்டார் என்ற சேதி அவர் கூண்டிலிருந்து இறங்குவதற்குள் கரை முழுக்கப் போய்விட்டது. அமிர்தநாயகம் ட்ரக்டரோடு வந்தார். அவசரமில்லாமல் வந்தார். பக்கத்தில் நிறுத்திவிட்டுச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"முயலுக்குக் கால் முறிஞ்சு போச்சோ?"

"கயிறைக் கட்டு அண்ணை."

"பொறு. இதை நான் ஆறுதலாப் பாக்கவேணும். இருவது வருசமா இதுக்குத்தான் உயிரோட இருக்கிறன்." அமிர்தநாயகம் திரும்பி வலைக்காரர்களிடம், "பிள்ளையள், படம் எடுத்தாச்சோ?" என்றார்.

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு," என்று பதில் வந்தது.

பிறகு வலைக் கயிற்றை மூன்று மடிப்பாகப் போட்டு அவரே கட்டி இழுத்தார். மெசின் வெளியே வந்ததும் குரலை இறக்கிக் கேட்டார். "உண்மையா என்ன நடந்தது? நீ ஏன் ஊர்ந்துகொண்டு நிண்டனீ?"

"ஒண்டு சோதிச்சுப் பாத்தனான்."

"பாத்தது காணும். ஓடு."

செபமாலை ஓடவில்லை. டாங்கிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். மெழுகு ஒரு பக்கம் மெல்லச் சரிந்திருந்தது. விழவில்லை. மேலே ஏறி உட்கார்ந்து, தாழ்ந்த குழியையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குழி இருந்தது சுற்றிய இடத்தில் மட்டும். போன பாதையிலும் வந்த பாதையிலும் சில்லுத் தடம் சப்பையாக, இறுகிப்போய்க் கிடந்தது. மெதுவாகப் போனதால் மெசின் தாழவில்லை. நின்று சுற்றியதால்தான் தாழ்ந்தது. ட்ரக்டரால் நின்ற இடத்தில் சுற்றமுடியாது. அதனால் இந்தக் கேள்வி அவருக்குப் பன்னிரண்டு வருடமும் வரவேயில்லை.

வியாழக்கிழமை அவர் சுற்றுவதை விட்டார். பக்கட்டை முக்கால் மட்டும் நிரப்பினார். போன தடத்திலேயே பின்பக்கமாக வந்தார். திரும்பவேண்டிய இடத்தில் வள்ளத்தை வளைப்பதுபோல் அகலமாக வளைத்தார். வலைக்காரர்கள் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு ஒன்றும் நடக்காது என்று தெரிந்து தங்கள் வேலையைப் பார்த்தார்கள். பத்து மணித் தேத்தண்ணிக்கு இறங்கினபோது, மூன்று மணித்தியாலம் ஓடிய மெசினின் டாங்கியில் மெழுகு சப்பளிந்து, வழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடுதான். ஆனால் கையை உடனே இழுக்கவேண்டியிருக்கவில்லை.

இனி மிச்சம் இருந்தது ஒரே வேலை. அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது.

சொல்லாமலும் இருக்கலாம். ஜவாஹிர் ஒயில் கடைக்காரரைத்தான் குற்றம் சொல்கிறார். முயல் செபமாலையைச் சந்தேகிக்க யாருக்கும் மனம் வராது. பேசாமல் ஆமைக்கு மாறிவிட்டால் போதும். ஆனால் நாளைக்குப் புத்தளத்துக்காரர் வருகிறார். மெசின் ஏன் தேய்ந்தது என்று தெரியாதவரைக்கும் ஜவாஹிர் அதை விற்கத்தான் செய்வார். தெரிந்தால் ஒருவேளை வைத்துக்கொள்வார். வைத்துக்கொண்டு வேறு ஆளைப் போடவும் கூடும். அன்று மாலை முழுக்கச் செபமாலை இதையே முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். கொறற்றியிடம் சொன்னார். அவள் மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"நீங்கள்தான் உடைச்சதெண்டால் நீங்கள்தானே சொல்லவேணும்?"

"சொன்னா இறக்கிவிட்டாலும் விடுவார்."

"மெசின் புத்தளம் போனா மட்டும் ஏறி இருப்பீங்களோ?" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஜவாஹிர் யார்ட்டுக்குள் நுழையும்போது செபமாலை மெசினுக்குப் பக்கத்தில் நின்றார். றினோஸா கொட்டகையில் இருந்தாள். ஜவாஹிரின் கண் முதலில் போனது டாங்கியில் இருந்த வெள்ளைக் கோட்டுக்கு.

"இதென்ன எச்சமா?"

"மெழுகு நானா." செபமாலை அதை நகத்தால் சுரண்டினார். "இந்தப் பம்பைத் தேய்ச்சது நான்தான். போன வருசத்துப் பம்பும் நான்தான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். முயலை, மணலை, இருபத்தைந்து நிமிடத்தை, மூன்று மணித்தியாலத்தை. றினோஸா கேட்டபோது மழுப்பியதையும் சொன்னார். பாதி ஆட்களோடு வலை இழுத்த கதையைச் சொல்லும்போது இடது தோளைத் தொட்டுக் காட்டினார். அவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி ஜவாஹிர் கேட்டதே இல்லை.

"எப்ப இருந்து மணலில முயல் போடுறீங்க?"

"முதல் நாள் இருந்து."

ஜவாஹிர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செபமாலைக்கு யார்ட்டின் மூலையில் அடுக்கியிருந்த சீமெந்துப் பைகள் கண்ணில் பட்டன.

"முதல் நாள்," என்றார் ஜவாஹிர் மெதுவாக. "ஆமையில ஓடின ரெண்டு பேரையும் நான் அனுப்பிட்டன். நீங்க முயலில ஓடினீங்க. நான் கைதட்டினன்."

"ஓம்."

"இப்படித்தான் ஓடணுமெண்டு சொன்னதும் நான்தானே?"

"சொன்னனீங்கள்தான்."

"வாப்பா அந்தக் கதையைக் கலியாண வீடுகளிலயும் சொல்லுவார்," என்றாள் றினோஸா கொட்டகையிலிருந்து.

"நீ சும்மா இரு," என்றார் ஜவாஹிர். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. "உங்களைப் பிழை சொல்லப் போனா நான் முதல்ல என்ட கையை வெட்டணும் செபமாலை. தட்டின கை." மகளின் பக்கம் திரும்பினார். "தேஞ்ச பம்ப் திரும்ப வளருமா?"

"வளராது. ஆனா சூடாக்காம ஓடினா அப்படியே நிண்டு கனகாலம் வேலை செய்யும். ஒயிலையும் பில்டரையும் புதுசா மாத்தித் தாறன். அம்பது மணித்தியாலம் ஓடட்டும். திரும்ப அறுத்துப் பாப்பம். பித்தளை குறைஞ்சிருந்தா நாங்க நினைச்சது சரி."

அதற்குள் புத்தளத்துக்காரரின் வான் வாசலில் வந்து நின்றது. ஜவாஹிர் எழுந்து போனார். தேத்தண்ணி கொடுத்தார், பகல் சாப்பாடும் கொடுத்தார். மெசின் இப்போது சோதனையில் இருப்பதாகவும், இரண்டு வாரத்தில் முடிவு சொல்வதாகவும் சொல்லி அனுப்பிவைத்தார். வந்தவர் மெசினை ஓட்டிப் பார்க்கக் கேட்டபோது செபமாலை லீவருக்குப் பக்கத்தில் நின்று, பொத்தானைத் தொட விடவில்லை.

அந்த ஐம்பது மணித்தியாலத்தில் செபமாலை இன்னொரு பிழையும் செய்தார். முயல் என்றாலே பாவம் என்று மனதில் போட்டுக்கொண்டவர், எருக்கலம்பிட்டியில் ஒரு வளவைத் துப்புரவாக்கும் வேலை வந்தபோது, முழுத் தார் ரோட்டிலும் ஆமையிலேயே போனார். என்ஜினை உச்சத்தில் கத்தவைத்துப் போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஆகும்போல் இருந்தது. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்துப்போனான். மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்த றினோஸா அவரை மறித்தாள்.

"அங்கிள், ஏன் இப்படிக் கஷ்டப்படுத்துறீங்க?"

"நீங்கள்தானே பிள்ளை ஆமையெண்டு..."

"மணலுக்கும் பாரத்துக்கும்தான் ஆமை. வெறும் பக்கட்டோட தார் ரோட்டில இழுக்கிறதுக்கு என்ன இருக்கு? முயலைப் போடுங்க, என்ஜினைக் குறைச்சுப் பிடிங்க. அதே தூரத்தைப் பம்ப் மெதுவாச் சுத்திக்கொண்டு போய்ச் சேரும். இப்படிப் போனா பம்புக்கு ஒரு மணித்தியாலம் வீண் ஓட்டம். நிப்பாட்டிட்டுப் பட்டனை மாத்துங்க, ஓட்டத்தில மாத்தாதீங்க. குழாய்க்கு அடி விழும்."

வலை வெறுமையாக இருந்தால் பதினைந்து பேரே போதும் என்பது அப்போதுதான் அவர் ஞாபகத்துக்கு வந்தது. தனக்குள் சிரித்துக்கொண்டு மெசினை நிறுத்தி, முயலை அமத்தினார்.

ஐம்பதாவது மணித்தியாலம் ஒரு புதன்கிழமை முடிந்தது. றினோஸா பில்டரை அறுக்கும்போது ஜவாஹிரும் செபமாலையும் மேசையின் இரண்டு பக்கத்திலும் நின்றார்கள். பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்களைப்போல் இருவரும் கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். அவள் கடதாசியைப் பத்திரிகையில் விரித்து, மடிப்பு மடிப்பாகப் புரட்டி, வெளிச்சத்தில் பிடித்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து பொட்டு மினுங்கியது.

"போன முறை பொன்கடை," என்றாள். "இது மூக்குத்திக்கும் காணாது."

ஜவாஹிர் கைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். புத்தளத்துக்காரரிடம் அவர் சலாம் சொல்வது கேட்டது. பிறகு வீட்டு நலம், பிள்ளைகளின் படிப்பு, மழை. கடைசியில்தான் விசயத்துக்கு வந்தார். "இல்ல நானா, மெசின் விக்கிற யோசனை இல்ல. ஓம். ஆள் இருக்கிறார்."

செபமாலை அந்தக் கடைசி இரண்டு சொல்லையும் கேட்டார். போய்க் கூண்டுக்குள் ஏறினார்.

கீரியில் இன்னும் கொஞ்ச மணல் மிச்சம் இருந்தது. பக்கட்டைக் காலியாக வைத்து, என்ஜினைக் குறைத்து, முயலில் தார் ரோட்டால் போனார். பம்ப் இப்போதும் முனகியது. அந்த முனகல் இனிப் போகாது. அவருடைய தோள் வலியும் அப்படித்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் மெசினை நிறுத்தி ஆமையை அமத்தினார்.

கரையில் வலைக்காரர் தங்கும் வாடிக் கொட்டிலிலிருந்து அமிர்தநாயகம் கையைத் தூக்கினார். "வாங்கோ ஆமைச் செபமாலை. கயிறு கொண்டுவரவோ?"

"வைச்சிரு அண்ணை. உனக்குத்தான் தேவைப்படும்," என்று சொல்லிவிட்டு அகலமாக ஒரு வளைவு எடுத்தார்.